எண்ணிக்கையும் ஓர் அமானிதமே: இன்ஃபுளுவென்சாவின் சுமையை மருத்துவமனைகள் வழியே மதிப்பிடும் முறை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு நோக்கிச் செல்லும் சாலையில் தமிழகத்தின் எல்லையூராக அமைந்திருப்பது புளியறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே சாரலைக் கொண்டு வருகிறது. குற்றாலத்தில் ‘சீசன்’ தொடங்குகிறது. அதே கணவாய் வழியாகத்தான் இரு மாநிலத்து மக்களும் சரக்குகளும் நாள்தோறும் வந்து போகின்றனர். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்படும் காலங்களில், புளியறைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்திக் கிருமிநாசினி தெளிப்பதைச் செய்தித்தாள்களில் நாம் படித்திருக்கிறோம்.

பறவைகளின் காய்ச்சலுக்குச் சாவடி உண்டு. ஆனால் மனிதரிடையே ஆண்டுதோறும் பரவும் இன்ஃபுளுவென்சாவை எந்தச் சாவடியிலும் நிறுத்தி எண்ண இயலாது. அது இருமலோடும் காய்ச்சலோடும் வருகிறது. பெரும்பாலோரிடம் ஒரு வாரத்தில் அகன்றும் விடுகிறது. ஆயினும் முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா உடையோர் ஆகியோரில் ஒரு பகுதியினரை அது மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டு சேர்க்கிறது. சிலரது உயிரையும் பறிக்கிறது. அவர்கள் எத்தனை பேர்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண்பது மருத்துவ உலகின் கடினமான பணிகளுள் ஒன்று. அவ்விடை எவ்வாறு பெறப்படுகிறது என்பதையும், அதில் நமக்குள்ள பங்கு யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எண்ண இயலாமைக்குக் காரணம்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேர் பருவகால இன்ஃபுளுவென்சாவுக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் 30 முதல் 50 இலட்சம் பேர் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர் என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை மூச்சுறுப்புக் கோளாறுகளால் இறக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வெண்களை எவரும் ஒவ்வொன்றாக எண்ணிப் பெறவில்லை. இவை அனைத்தும் மதிப்பீடுகள்.

ஒருவருக்கு வந்திருப்பது இன்ஃபுளுவென்சாதானா என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்துக் கூற முடியாது. அதே இருமலையும் காய்ச்சலையும் தரும் வைரஸ்களும் பாக்டீரியாக்களும் பல உள்ளன. ஆய்வகச் சோதனையே உறுதி தரும். அச்சோதனையோ மிகச் சிலருக்கே செய்யப்படுகிறது. மேலும், இந்நோய் பல வேளைகளில் பிற நோய்களின் பெயருக்குப் பின்னே மறைந்து நின்று கொல்கிறது. வைரஸ் தாக்கிய நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியா உண்டாகலாம். நலிந்த இதயம் அதன் சுமை தாளாமல் நின்று போகலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு உயர்வதைக் காட்டிற்று.

புளியறையில் வாழும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். ஆடி மாதத்துச் சாரலில் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வருகின்றன. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தருகின்றனர். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல் ஏற்படவே, மகள் வாழும் புனலூருக்குக் கொண்டு சென்று அங்கே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். தேறி வீடு திரும்பியவர், சில நாட்களில் உறக்கத்திலேயே மவுத்தாகி விடுகிறார். ஊரார் ‘மாரடைப்பு’ என்கின்றனர். இவரது நோய் தென்காசியின் எந்த ஏட்டிலும் இன்ஃபுளுவென்சா என ஏறவில்லை. புனலூரின் ஏட்டிலோ வேற்றூர் நோயாளியாக மட்டுமே இருக்கிறது. இத்தகையோரையும் உள்ளடக்கிய கணக்கே உண்மையான கணக்கு.

மதிப்பீடு செய்யலாமா?

இங்கே மார்க்கக் கல்வி பயின்றோருக்கு ஓர் ஐயம் எழலாம். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், யூகம் சத்தியத்திற்கு ஈடாகாது என்றும் திருக்குர்ஆன் எச்சரித்திருக்க, மதிப்பீட்டை எவ்வாறு நம்புவது?

ஃபுகஹாக்கள் வெறும் யூகத்தையும், சான்றுகளால் வலுப்பெற்ற மிகைத்த எண்ணத்தையும் (கலபத்துள் ளன்னு) வேறுபடுத்தியே பார்த்தனர். கிப்லாவின் திசை தெரியாத பயணி ஆய்ந்து முடிவு செய்து தொழுகிறார். பேரீச்சங் குலைகள் மரத்தில் இருக்கும்போதே விளைச்சலைக் கணிக்கும் ‘கர்ஸ்’ எனும் முறை நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே நடைமுறையில் இருந்தது. கைபரின் விளைச்சலைக் கணிப்பதற்கு அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் ஸகாத் கணக்கில் இம்முறையை ஏற்றுள்ளனர். கணிப்பவர் துறையறிந்தவராகவும் நேர்மையாளராகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முறையறிந்து செய்யும் மதிப்பீடு ஒன்று. வாய்க்கு வந்ததைச் சொல்வது வேறொன்று. மருத்துவமனைக் கண்காணிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. அதன் படிகளைக் காண்போம்.

முதற்படி: யாரை எண்ணுவது?

ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் கருத்துப்படி எண்ணினால் கணக்குகளை ஒப்பிட முடியாது. எனவே பொதுவான வரையறை தேவை. பெரியம்மையையும் தட்டம்மையையும் அடையாளங்களால் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதிய அபூபக்ர் அர்-ராஸீ (ரஹ்) அவர்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தேவையை உணர்ந்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இது: காய்ச்சல் இருந்ததாக நோயாளி கூறுதல், அல்லது 38 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல் அளவிடப்படுதல், இருமல் இருத்தல், இவை கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கியிருத்தல், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை இருத்தல். இந்நான்கும் பொருந்தினால் அது ‘கடுமையான மூச்சுத்தொற்று’ எனப் பதிவாகும். இன்ஃபுளுவென்சா அல்லாத நோயாளிகளும் இவ்வலையில் சிக்குவர். காய்ச்சலே இல்லாமல் வாடும் சில முதியோர் தப்பியும் விடுவர். வரையறையின் நோக்கம் சிகிச்சை அன்று. எல்லா ஊர்களிலும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவுகோலால் அளப்பதே.

இரண்டாம் படி: எத்தனை பேரிடம் வைரஸ் உள்ளது?

இவ்வாறு பதிவானோரின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கோவிட் காலத்தில் நாம் அனைவரும் அறிந்துகொண்ட ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புகின்றனர். எல்லாரையும் சோதிக்க இயலாதபோது, ஐந்தில் ஒருவர் என்றோ வாரத்தின் குறித்த நாட்களில் வருவோர் அனைவரும் என்றோ முறை வைத்துக் கொள்ள வேண்டும். மிகவும் மோசமான நிலையில் இருப்போரை மட்டும் சோதித்தாலும், ‘பன்றிக் காய்ச்சல்’ எனச் செய்தி வந்த பின்னர் மட்டும் சோதித்தாலும் கணக்கு கோணலாகிவிடும்.

மூன்றாம் படி: எவ்வளவு மக்களுக்கு இத்தனை பேர்?

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் கற்றோம். நோயாளிகளின் எண்ணிக்கை தொகுதி. அம்மருத்துவமனையை நாடும் ஊர்களின் மக்கள்தொகை பகுதி. பகுதி தெரியாத தொகுதிக்குப் பொருளில்லை. ஒரு மருத்துவமனையில் 100 பேர், மற்றொன்றில் 50 பேர் என்பதால் முதல் ஊரில் நோய் மிகுதி என்று கூறிவிட முடியாது.

நான்காம் படி: வாயிலுக்கு வராதவர்கள்

கண்காணிப்பு நடைபெறும் மருத்துவமனைக்கு எல்லாரும் வருவதில்லை. ஆகவே அவ்வூர்களில் வீடு வீடாகச் சென்று, கடந்த ஓராண்டில் இத்தகைய நோயால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எங்கே சேர்ந்தனர் என வினவுகின்றனர். அவ்விகிதத்தைக் கொண்டு கணக்கைத் திருத்துகின்றனர்.

இந்த நான்காம் படியின் தேவையை நம் வரலாற்றாசிரியர்கள் நேரில் கண்டவர்கள். மம்லூக்கிய ஆட்சிக் காலத்தில் கெய்ரோவில் ‘தீவானுல் மவாரீஸ்’ என்னும் வாரிசுச் சொத்து அலுவலகம் இருந்தது. வாரிசற்ற சொத்துகள் அரசுக்குச் சேர வேண்டியவை ஆதலால், இறப்புகளை அது நாள்தோறும் பதிவு செய்தது. ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) பெரும் கொள்ளைநோய் பரவியபோது, அப்பதிவேட்டின் எண்ணிக்கையைவிட, நகரின் முஸல்லாக்களில் ஜனாஸாத் தொழுகை நடத்தப்பட்டோரின் எண்ணிக்கை மிகுதியாக இருந்ததை வரலாற்றாசிரியர் இப்னு தஃக்ரீபிர்தீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அலுவலகம் பொய்யுரைக்கவில்லை, தன் வாயிலுக்கு வந்ததை மட்டுமே அது எழுதிற்று.

ஒரு கணக்கு

இப்படிகளை ஒரு கற்பனைக் கணக்கால் தெளிவுபடுத்தலாம். ஒரு மருத்துவமனையைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள்தொகை 2,00,000 எனக் கொள்வோம். அவ்வூர்களைச் சேர்ந்த 800 பேர் ஓராண்டில் கடுமையான மூச்சுத்தொற்றோடு அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் முறைப்படி தேர்ந்த 400 பேரிடம் சோதனை செய்ததில் 60 பேருக்கு இன்ஃபுளுவென்சா உறுதியாயிற்று. இந்த 60ஐ மட்டும் எழுதினால் இலட்சத்திற்கு 30 பேர்.

ஆனால் சோதிக்கப்பட்டோரில் 60 பேர் என்பது 15 விழுக்காடு. சோதிக்கப்படாத 400 பேருக்கும் அதே விகிதத்தைக் கொண்டால், 800 பேரில் 120 பேர். வீட்டாய்வில், இவ்வூர் நோயாளிகளுள் 60 விழுக்காட்டினரே இம்மருத்துவமனையை நாடுகின்றனர் எனத் தெரிய வந்தால், உண்மையான எண்ணிக்கை 120ஐ 0.6ஆல் வகுத்துக் கிடைக்கும் 200. அதாவது இலட்சத்திற்கு 100 பேர். முதலில் எழுதிய எண்ணைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! நடைமுறையில் இக்கணக்கை மாதவாரியாகவும் வயதுவாரியாகவும் தனித்தனியே செய்கின்றனர்.

400 பேரிடம் மட்டுமே சோதித்ததால் 15 விழுக்காடு என்பதும் உறுதியானதன்று. புள்ளியியல் விதிப்படி அது ஏறத்தாழ 11.5 முதல் 18.5 வரை இருக்கலாம். அவ்வாறாயின் விடையும் இலட்சத்திற்கு 77 முதல் 123 வரை என விரியும். நேர்மையான ஆய்வாளர் இவ்விரிவையும் சேர்த்தே வெளியிடுவார். நம் ஹதீஸ் கலை அறிஞர்களும் இதனையே செய்தனர். இஸ்லாத்தை மொழிந்தவர்களை எண்ணி எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஹுதைஃபா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் 1,500 என்ற எண்ணை அடுத்தே 500 என்றும், 600க்கும் 700க்கும் இடைப்பட்டது என்றும் வரும் வேறு அறிவிப்புகளையும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் மறைக்காமல் பதிந்துள்ளார்கள்.

இந்தியா கற்ற பாடம்

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் தொடங்கிய இன்ஃபுளுவென்சாவால் இந்தியாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இறந்தனர் என அன்றைய அரசின் சுகாதார ஆணையர் முதலில் கணித்தார். பின்னர் 1911, 1921ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர்கள், 1.2 கோடி முதல் 2 கோடி வரை எனப் பல்வேறு மதிப்பீடுகளை வழங்கினர். முதல் கணக்கில் இடம்பெறாதவர்கள் தத்தம் குடும்பங்களின் நினைவில் மட்டுமே இருந்தனர்.

நம் காலத்தில், 2009ஆம் ஆண்டின் உலகப் பரவலுக்குப் பின் கண்காணிப்பு வலுப்பெற்றது. எச்1என்1 வகைக்கு மட்டும் 2015இல் நாடு முழுவதும் ஆய்வகத்தில் உறுதியானோர் 42,592, இறந்தோர் 2,990. இவை சோதிக்கப்பட்டவர்களின் எண்கள். இதற்கு மாறாக, 2010 முதல் 2013 வரையிலான இறப்புத் தரவுகளையும் வைரஸ் சோதனைத் தரவுகளையும் இணைத்து ஆய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இன்ஃபுளுவென்சாவோடு தொடர்புடைய மூச்சுறுப்பு, இரத்த ஓட்ட மண்டல இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,27,000 இருக்கலாம் என மதிப்பிட்டது. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளப்பவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது. ஆயினும் உறுதியான எண்ணை மட்டும் நாளிதழில் படித்துவிட்டு ‘இவ்வளவுதான்’ என முடிவு கட்டுவது பிழை என்பது விளங்கும்.

மருத்துவமனை வழி மதிப்பீட்டிற்கு நம் நாட்டில் முன்மாதிரியாக அமைந்தவை புனே மாவட்டத்தின் வடு, ஹரியாணாவின் பல்லப்கர் ஆகிய ஊரகப் பகுதிகள். அங்கே வீடு வீடாக மக்கள்தொகைப் பதிவு ஏற்கெனவே பேணப்பட்டு வந்தது. எனவே ‘பகுதி’ உறுதியாகத் தெரிந்திருந்தது. 2010 முதல் 2012 வரை சுற்றுவட்டார மருத்துவமனைகளில் சேர்ந்தோரைப் பதிந்து, சோதித்து, மருத்துவமனையை நாடும் வழக்கத்தையும் ஆய்ந்து விகிதங்களைக் கண்டனர்.

எல்லையூரின் சிக்கல்

தென்காசி வட்டாரத்தில் இத்தகைய கணக்கை எடுக்க முனைந்தால் மூன்று இடர்கள் எதிர்ப்படும்.

முதலாவது பருவம். இந்திய நகரங்கள் பத்தில் நடைபெற்று 2015இல் வெளியான ஆய்வில், ஆலப்புழை உள்ளிட்ட பெரும்பாலான இடங்களில் இன்ஃபுளுவென்சா தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும், ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும் உச்சம் எய்துவது கண்டறியப்பட்டது. புளியறைக்கோ இரு மழையும் உண்டு. சென்னையின் அட்டவணையையோ ஆலப்புழையின் அட்டவணையையோ இங்கே அப்படியே பொருத்துவது முன்முடிவாகும். ஆண்டின் 12 மாதங்களும் இடைவிடாது மாதிரி எடுப்பது ஒன்றே வழி. தடுப்பூசியை எந்த மாதத்தில் இட வேண்டும் என்பதும் இதனைப் பொறுத்ததே.

இரண்டாவது, எல்லை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்றே தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூருக்கு உரியது. எல்லைக்கோடு மாறிற்றே அன்றி உறவுகள் மாறவில்லை. நோயுற்றவர் செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கும் செல்வர். புனலூர், கொல்லம், திருவனந்தபுரத்திற்கும் செல்வர். சீசன் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் வெளியூரார் இங்கே நோயுற்றுச் சேர்வதும் உண்டு. உள்ளூராரைச் சேர்த்தும் வெளியூராரை நீக்கியும் கணக்கிட, முகவரியே திறவுகோல்.

மூன்றாவது, மக்கள்தொகை. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்றுதான் உருவாயிற்று. அதன் எல்லைக்குள் அடங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் என்ற எண், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக எடுக்கப்பட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. பகுதி பழையதாக இருந்தால் விகிதமும் பிழையாகும்.

நாம் செய்யக்கூடியவை

இவ்விடர்களைக் களைவதில் மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

மருத்துவமனையில் சேரும்போது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்காமல், நோயாளி உண்மையில் வாழும் ஊரைக் கூற வேண்டும். மாதிரி எடுக்க அனுமதி கேட்டால் அச்சமின்றி இசைய வேண்டும். வீட்டாய்வுக்கு வருவோரிடம், எந்த மருத்துவமனைக்குச் சென்றோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

பள்ளிவாசல்கள் பலவற்றில் மையவாடியில் அடக்கப்படுவோரின் பதிவேடு பேணப்படுகிறது. அதில் நாள், வயது, ஆண்-பெண் குறிப்பு, மவுத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் காய்ச்சலும் இருமலும் இருந்தனவா என்னும் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து எழுதலாம். 1847இல் இலண்டனில் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலாளர், இன்ஃபுளுவென்சா பரவிய வாரங்களின் மொத்த இறப்பை வழக்கமான வாரங்களின் இறப்போடு ஒப்பிட்டு, மிகுந்து நின்ற எண்ணே நோயின் உண்மையான சுமை எனக் காட்டினார். 1963இல் அமெரிக்காவின் ராபர்ட் செர்ஃப்லிங் இதற்குக் கணித வடிவம் தந்தார். ஒரு மஹல்லாவின் ஏடு இதற்குப் போதாது. ஆனால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்து மஹல்லாக்களின் பத்தாண்டு ஏடுகள் ஒன்று சேர்ந்தால், எம்மாதங்களில் முதியோர் இறப்பு மிகுகிறது என்பது தெரிய வரும். பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் சுகாதாரத் துறையிடம் அளித்தால் போதும். பிற சமயத்தாரின் இறப்புகளும் இணைந்தால்தான் கணக்கு முழுமையுறும் என்பதையும் மறக்கலாகாது.

இதனால் என்ன பயன் என வினவலாம். ஹஜ்ஜுக்குச் செல்லும் நம் முதியோருக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இடப்படுவதை நாம் அறிவோம். ஹஜ்ஜுக்குச் செல்ல வசதியற்ற முதியவருக்கோ அது கிட்டுவதில்லை. நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெறவில்லை. யாருக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு மருந்தும் பிராணவாயுப் படுக்கைகளும் தேவை என்று முடிவு செய்வோர் முன்னே, நம் பகுதியின் எண் இருந்தாக வேண்டும். எண்ணப்படாதவருக்காக எவரும் படுக்கை ஒதுக்குவதில்லை.

மேலே நாம் எண்ணிப் பார்த்த புளியறை மூதாட்டிக்காக ஜனாஸாத் தொழுகை நடத்துவது ஊரார் மீது ஃபர்ளு கிஃபாயா. அவரைப் போன்ற அடுத்தவரின் உயிர் காக்கப்படுவதற்காக, அவரது மரணத்தை உள்ளபடி எழுதி வைப்பதும் நம் பொறுப்பேயாகும். அப்பொறுப்பை உணர்ந்து செயல்பட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!